கோமோ ஏரிக்கு ஒரு நாள்: ஒரு மின்னியல்காரனின் பயணத் திட்டம்

"மலருக்கு ஏதாவது எழுதி அனுப்புங்க" என்று சங்கச் செயலர் கேட்டால், வெளிநாட்டில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் வழக்கமாக இரண்டு விஷயம்தான் எழுதுவோம். ஒன்று விடுதிச் சாப்பாடு. மற்றது 'நான் கண்ட ஐரோப்பா'. விடுதிச் சாம்பாரைப் பற்றி சீனியர்கள் போன மலர்களிலேயே எழுதித் தீர்த்துவிட்டார்கள். அதில் புதிதாகச் சேர்க்க என்னிடம் பருப்பு இல்லை. ஆகவே இரண்டாவதற்கு வருகிறேன். ஆனால் 'கண்ட' ஐரோப்பா அல்ல, 'காட்டப் போகிற' ஐரோப்பா.

நான் 2010-ல் நம் மின்னியல் துறையிலிருந்து வெளியே வந்தவன். டிரான்ஸ்பார்மர் வேலை காரணமாக ஐந்து வருஷமாக இத்தாலியில் மிலான் நகரத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். இந்தக் கோடையில் நம் அணியைச் சேர்ந்த மூன்று பேர் குடும்பத்தோடு வருகிறார்கள். ஒருவன் மெக்கானிக்கல், ஒருவன் சிவில், ஒருவன் கம்ப்யூட்டர் சயன்ஸ். மிலானில் அவர்களுக்கு இருப்பது ஒரே ஒரு ஓய்வு நாள். அந்த நாளில் கோமோ ஏரியைக் காட்ட வேண்டும். இரண்டு மாதமாக வாட்ஸ்அப்பில் இதே பேச்சுதான்.

கம்ப்யூட்டர் சயன்ஸ்காரனுக்கு ஹாலிவுட் நடிகர் வீடும், ஜேம்ஸ் பாண்ட் படம் எடுத்த மாளிகையும் பார்த்தால் போதும். "மச்சி, நாலு போட்டோ, ஒரு ஐஸ்கிரீம், முடிஞ்சுது" என்கிறான். அதைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கென்று தினம் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து போகிறார்கள். ஆனால் 'வோல்ட்' என்ற சொல்லை நான்கு வருஷம் ரெக்கார்டு நோட்டில் எழுதி மார்க் வாங்கிய நாம், அந்தச் சொல் பிறந்த ஊருக்கு ரயிலில் நாற்பது நிமிஷ தூரத்தில் நின்றுகொண்டு ஐஸ்கிரீம் மட்டும் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது நியாயமா என்பதுதான் என் கேள்வி. அதனால் திட்டம் போடும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஏரியின் அமைப்பு. தலைகீழாகக் கவிழ்த்த ஆங்கில 'ஒய்' எழுத்து மாதிரி இருக்கும். வடக்கே ஒரே உடல், தெற்கே இரண்டு கால்கள். மேற்குக் காலின் நுனியில் கோமோ நகரம், கிழக்குக் காலின் நுனியில் லெக்கோ. இரண்டு காலும் பிரியும் முனையில் பெல்லாஜியோ. பனியாறுகள் அரைத்துத் தோண்டிய பள்ளம் இது. பரப்பு சுமார் 146 சதுர கிலோமீட்டர், ஆழம் 400 மீட்டருக்கு மேல். நீர்மட்டம் கடலுக்கு மேல் 198 மீட்டர்தான். கழித்துப் பாருங்கள், ஏரியின் அடி கடல் மட்டத்துக்கும் இருநூறு மீட்டர் கீழே போகிறது! இதைச் சொன்னதும் அதுவரை வாய் திறக்காமல் இருந்த சிவில் நண்பர் குழுவில் உயிர்த்தெழுந்தார்.

அவருக்கென்றே இன்னொரு செய்தியும் உண்டு. அத்தா என்ற ஆறு வடகிழக்கில் கோலிக்கோ பக்கத்தில் ஏரிக்குள் நுழைந்து லெக்கோ வழியாக வெளியேறுகிறது. கோமோ இருக்கும் காலுக்கு வடிகாலே கிடையாது. குளத்தின் மூடிய மூலை. அதனால் மழைக்காலத்தில் கோமோவின் ஏரிக்கரைச் சதுக்கத்தில் தண்ணீர் ஏறிவிடும். 1946-ல் லெக்கோவுக்குக் கீழே ஒல்ஜினாத்தே அணை வந்த பிறகு மட்டத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள், ஆனாலும் பிரச்சினை தீர்ந்தபாடில்லை. 2008-ல் ஆரம்பித்த வெள்ளத் தடுப்பு வேலை பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் இழுத்தது. கான்ட்ராக்ட் வேலை எங்கேயும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

எந்தப் பக்கமிருந்து சுற்றுவது? வழக்கமாகப் பயணிகள் மிலான் சென்ட்ரல் நிலையத்தில் ஏறி ஒரு மணி நேரத்தில் கிழக்குக் கரையில் இருக்கும் வரென்னாவில் இறங்கி, படகில் பெல்லாஜியோ போய், சாயங்காலம் கோமோவுக்கு வருவார்கள். நான் அதைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். காரணம், கோமோவில் இருக்கும் வோல்ட்டா நினைவகம் மாலையில் மூடிவிடும், திங்கட்கிழமை திறக்காது. ஒரே ஒரு நேரக் கட்டுப்பாடு உள்ள வேலையை முதலில் வைக்க வேண்டும் என்று புராஜெக்ட் மேனேஜ்மென்ட் பாடத்தில் படித்தது இப்போதுதான் உபயோகப்படுகிறது. காலையில் மிலானிலிருந்து கோமோ சான் ஜியோவானி நிலையம். அங்கிருந்து படகில் பெல்லாஜியோ. பிறகு வரென்னா. அங்கிருந்து ரயிலில் மிலான். இப்படிப் போனால் இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. சரித்திரமும் ஓரளவு வரிசையாக வரும்.

நிலையத்திலிருந்து இறங்கி நடந்தால் பதினைந்து நிமிஷத்தில் கோமோவின் பெரிய தேவாலயம். 1396-ல் ஆரம்பித்து பதினெட்டாம் நூற்றாண்டில் முடித்தார்கள். அதன் முகப்பில், பெரிய கதவின் இரு பக்கமும், புனிதர்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ரோமானியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவரும் கிறிஸ்தவர்களே அல்ல. மூத்த பிளினி, இளைய பிளினி. தாய்மாமனும் மருமகனும். ஊர்ப் பெருமை என்று வந்துவிட்டால் மதம் கூடக் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

மூத்த பிளினி நமக்கு அந்நியர் அல்ல. அவர் எழுதிய 'இயற்கை வரலாறு' என்ற பெருநூலில் முசிறித் துறைமுகம் வருகிறது. பாண்டியன் என்ற அரசன் துறைமுகத்திலிருந்து தொலைவில், உள்நாட்டில் 'மொதுரா' என்ற ஊரில் இருக்கிறான் என்று வருகிறது. நம் மதுரைதான். மிளகை ஓடத்தில் ஏற்றி வருவதையும் எழுதியிருக்கிறார். வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயம் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று புலம்பியவரும் இவரே. கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது கடற்படைத் தளபதியாக இருந்தவர், வேடிக்கை பார்க்கவும் ஆட்களைக் காப்பாற்றவும் கப்பலில் போய் அங்கேயே இறந்தார். அந்தச் சம்பவத்தை நேரில் பார்த்த மாதிரி நமக்கு விவரித்தவர் மருமகன். அப்போது அவருக்கு வயது 17.

நம் சங்க உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவர் இந்த மருமகன்தான். இளைய பிளினி தன் நண்பரான வரலாற்றாசிரியர் தாசித்தஸுக்கு எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. சொந்த ஊரான கோமோவுக்கு வந்திருக்கிறார். மரியாதை நிமித்தம் பார்க்க வந்த ஊர்க்காரர் ஒருவர் தன் மகனையும் கூட்டி வருகிறார். "தம்பி, படிக்கிறாயா?" "படிக்கிறேன்." "எங்கே?" "மிலானில்." "ஏன், இங்கே இல்லையா?" பையனின் அப்பா பதில் சொல்கிறார்: இங்கே ஆசிரியர்கள் இல்லை. (உரையாடலை நம்ம பாஷையில் போட்டிருக்கிறேன், சாரம் அவருடையது.)

அங்கே நின்ற அப்பாக்களைப் பார்த்து பிளினி சொன்ன யோசனை இது. பிள்ளைகளை வெளியூரில் வைத்துப் படிக்க வைக்க ஆகும் செலவையெல்லாம் சேர்த்தால் இங்கேயே ஆசிரியர்களை வைக்கலாம். ஆகும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு நான் தருகிறேன். முழுவதையும் தர என்னால் முடியும், ஆனால் தர மாட்டேன். முழுப் பணமும் ஒருவரே கொடுத்தால் ஆசிரியர் நியமனத்தில் சிபாரிசு புகுந்துவிடும். தன் கைக்காசும் போகிறது என்றால்தான் பெற்றோர் தகுதியானவரைத் தேடுவார்கள். அதனால் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோரிடமே இருக்கட்டும்.

கிட்டத்தட்ட 1900 வருஷத்துக்கு முந்தைய கடிதம்! இந்த மனிதர் கஞ்சர் என்று நினைத்துவிட வேண்டாம். அதே ஊருக்கு ஒரு நூலகம் கட்டிக் கொடுத்து, அதைப் பராமரிக்கத் தனியாக ஒரு லட்சம் செஸ்டர்ஸ் வைத்துவிட்டுப் போனவர். கட்டடத்துக்குப் பணம் கொடுத்தவர் பராமரிப்புக்கும் கொடுத்தார் என்பதைக் கல்வெட்டே சொல்கிறது.

இதை ஏன் நீட்டி எழுதுகிறேன் என்றால், நம் சங்கத்தில் இப்போது ஆய்வகப் புதுப்பிப்பு நிதி பற்றிப் பேச்சு நடக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து முழுத் தொகையையும் போட்டுவிடலாம், ஒரு கல்வெட்டு வைத்துவிடலாம் என்பது ஒரு கட்சி. நான் எதிர்க்கட்சி. நம் அணியின் குழுவில் அதைச் சொன்னபோது 'இவனுக்குக் கொடுக்க மனசில்லை' என்று பேச்சு வந்தது, எனக்கும் கேட்டது. என் நிலைப்பாடு பிளினியின் நிலைப்பாடு. ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்கை வெளிநாட்டில் இருப்பவர்கள் தருகிறோம். மீதியை உள்ளூர் முன்னாள் மாணவர்களும் கல்லூரியும் சேர்ந்து போடட்டும். எந்தக் கருவி வாங்குவது என்பதை அங்கே தினம் கை வைக்கிற ஆசிரியர்களும் இறுதியாண்டு மாணவர்களும் முடிவு செய்யட்டும். பராமரிப்புக்கென்று ஒரு தொகையைத் தொடாமல் வைக்கட்டும். நாங்கள் படித்த நாளில், பரிசாக வந்த அருமையான கருவி ஒன்று ஒரு உதிரிபாகம் வாங்கப் பணமில்லாமல் துணி போர்த்திக் கிடந்தது. யார் மீதும் குற்றம் இல்லை. கொடுத்தவர் வாங்கிக் கொடுத்தார், பராமரிக்கக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். வரும் பொதுக்குழுவில் இதை யாராவது எடுத்துப் பேசினால் சந்தோஷப்படுவேன். நான் வர முடியாது, என் வாக்கு வரும்.

சரி, பயணத்துக்குத் திரும்புவோம்.

தேவாலயத்திலிருந்து ஏரிக்கரைக்கு வந்து இடது பக்கம் கொஞ்சம் நடந்தால் வெள்ளையாக, கோயில் மாதிரி ஒரு கட்டடம். பெயரே 'வோல்ட்டா கோயில்'தான். அலெஸாந்த்ரோ வோல்ட்டா 1745-ல் இந்த ஊரில் பிறந்து 1827-ல் இந்த ஊரிலேயே இறந்தவர். நூறாவது நினைவு ஆண்டை ஒட்டிக் கட்டி 1928-ல் திறந்தார்கள். பழைய 10,000 லிரா நோட்டில் ஒரு பக்கம் வோல்ட்டா, மறு பக்கம் இந்தக் கட்டடம். யூரோ வந்து அந்த நோட்டு போய்விட்டது. நாணயச் சேகரிப்பில் ஆசை உள்ள தம்பிகள் தேடிப் பாருங்கள்.

வோல்ட்டாவின் கதையைப் பாடப் புத்தகம் இரண்டு வரியில் முடித்துவிடும். உண்மையில் அது ஒரு நீண்ட சண்டை. பொலோனா நகரத்தில் கல்வானி என்ற உடற்கூறு பேராசிரியர். செத்த தவளையின் காலை இரண்டு வித உலோகத்தால் தொட்டால் அது துடிக்கிறது. மின்சாரம் தவளைக்குள்ளேயே இருக்கிறது என்று 1791-ல் எழுதினார். வோல்ட்டா முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு சந்தேகப்பட்டார். மின்சாரம் தவளையில் இல்லை, இரண்டு வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் இருக்கிறது, தவளை வெறும் மீட்டர்தான் என்பது அவர் வாதம். நிரூபிக்க வேண்டுமானால் தவளை இல்லாமலே செய்து காட்ட வேண்டும்.

அந்த நேரம் பார்த்து அரசியல் உள்ளே நுழைந்தது. நெப்போலியன் படை வட இத்தாலியைப் பிடித்துப் புதுக் குடியரசு அமைத்தது. அதற்கு விசுவாசப் பிரமாணம் செய்ய கல்வானி மறுத்துவிட்டார். வேலை போயிற்று. 1798 கடைசியில் வறுமையிலேயே இறந்தார். வோல்ட்டா வளைந்து கொடுத்தார், பாவியா பல்கலைக்கழகப் பதவி நிலைத்தது. ஆனால் 1799-ல் ஆஸ்திரியர்கள் திரும்பி வந்து பல்கலைக்கழகத்தையே மூடிவிட்டார்கள். ஆக, வேலையில்லாத பேராசிரியர் சொந்த ஊரான கோமோவுக்கு வந்து உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்திருந்த காலத்தில் செய்ததுதான் வெள்ளித் தகடு, துத்தநாகத் தகடு, உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டை என்று மாற்றி மாற்றி அடுக்கிய அந்தத் தூண். உலகின் முதல் பேட்டரி. உரசினால் ஒரு பொறி வந்து தீர்ந்துபோகும் மின்சாரத்துக்குப் பதிலாக, விடாமல் ஓடும் மின்னோட்டம் மனிதன் கைக்கு முதல் முறையாகக் கிடைத்தது.

1800 மார்ச் 20 தேதியிட்டு கோமோவிலிருந்து லண்டன் ராயல் சொசைட்டி தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் எழுதினார். பிரெஞ்சு மொழியில், இரண்டு பகுதியாக. ஐரோப்பா முழுக்கப் போர் நடக்கிறது. முதல் பகுதி முன்னால் வந்து சேர, பேங்க்ஸ் அதைச் சிலரிடம் காட்டிவிட்டார். முறைப்படி சபையில் வாசிப்பதற்கு முன்பே, மே மாதத்திலேயே, நிக்கல்சன், கார்லைல் என்ற இருவர் லண்டனில் ஒரு தூண் கட்டி தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எடுத்துவிட்டார்கள்! இந்தக் காலத்தில் என்றால் பேப்பர் திருட்டு என்று வழக்கே போட்டிருப்போம்.

அடுத்த ஆண்டு பாரிஸில் நெப்போலியன் முன்னிலையில் செய்து காட்டி, பதக்கமும் பணமும், பின்னர் பிரபு பட்டமும் பெற்றார் வோல்ட்டா. 1881-ல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு மின் அழுத்தத்தின் அலகுக்கு அவர் பெயரைச் சூட்டியது. கல்வானிக்கு? 'கல்வனோமீட்டர்' மிஞ்சியது. உண்மையில் இருவர் சொன்னதிலும் பாதி சரி, பாதி தவறு. நரம்பில் மின்சாரம் இருக்கத்தான் செய்கிறது, ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்ட யாரும் சாட்சி சொல்லலாம். தூணில் மின்சாரம் வருவதும் உலோகங்கள் தொட்டுக்கொள்வதால் அல்ல, அங்கே நடக்கும் ரசாயன மாற்றத்தால். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு வோல்ட்டா மேல் பிரமிப்பும் கல்வானி மேல் மரியாதையும்தான் வரும். இரண்டும் ஒரே ஆள் மேல் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நினைவகத்துக்குள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் தூண்கள், குடுவைகள், மின்காட்டிகள். மாணவர்களே, ஒரு விஷயம் தெரிந்துகொண்டு பாருங்கள். இவற்றில் கணிசமானவை மறுபடி செய்யப்பட்டவை. மின்கலத்தின் நூற்றாண்டைக் கொண்டாட 1899-ல் கோமோவில் பெரிய கண்காட்சி வைத்தார்கள், கூடவே பட்டுத் தொழில் கண்காட்சியும். ஜூலை 8-ஆம் தேதி மரத்தால் கட்டிய கூடங்கள் தீப்பிடித்து எரிந்தன. வோல்ட்டா கையால் செய்த கருவிகளில் பலவும் சாம்பலாயின. மின்கசிவுதான் காரணம் என்று சொல்கிறார்கள். மின்சாரத்தின் தந்தைக்கு எடுத்த விழாவில்! ஆனால் ஊர்க்காரர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. அதே ஆண்டில் கண்காட்சியை மறுபடி கட்டித் திறந்தார்கள்.

நேரம் இருந்தால் கயிற்று ரயிலில் ஏழு நிமிஷத்தில் மலை மேல் புருனாத்தே ஊருக்குப் போகலாம். 1894-ல் நீராவியில் ஆரம்பித்து 1911-ல் மின்சாரத்துக்கு மாறியது. மேலே வோல்ட்டா பெயரில் 29 மீட்டர் உயரத்தில் ஒரு கலங்கரை விளக்கம் கூட உண்டு. எங்கள் திட்டத்தில் நேரம் இல்லை.

கோமோவிலிருந்து பெல்லாஜியோவுக்கு வேகப் படகில் முக்கால் மணி, சாதாரணப் படகில் சுமார் இரண்டு மணி. நான் சாதாரணப் படகையே போட்டிருக்கிறேன். மேல்தளத்தில் காற்றாட உட்காரலாம், ஒவ்வொரு ஊரிலும் நின்று நின்று போகும். டவுன் பஸ் மாதிரி.

புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் வலது கரையில் தோர்னோ ஊர் தாண்டியதும் 'பிளினியானா' என்ற மாளிகை தெரியும். அதற்குள் ஒரு ஊற்று, கொஞ்ச நேரம் பொங்கும், கொஞ்ச நேரம் வடியும். தாய்மாமன் மணிக்கொரு தரம் என்று எழுதினார். மருமகன் நாளைக்கு மூன்று தரம் என்றார். மருமகன் காரணமும் யோசித்தார். குறுகிய கழுத்துள்ள பாட்டிலைக் கவிழ்த்தால் தண்ணீர் 'குபுக் குபுக்' என்று காற்றோடு மல்லுக்கட்டி விழுகிறதே, அது மாதிரி இருக்குமோ என்று ஒரு கடிதத்தில் கேட்கிறார். நாம் ஹைட்ராலிக்ஸ் லேபில் சைபன் என்று படித்ததற்கு வெகு பக்கத்தில் வந்துவிட்டார்.

இடது கரையில் கொஞ்ச தூரம் போனால் லென்னோவுக்கும் திரமெட்ஸோவுக்கும் நடுவில், மேட்டில் ஜியூலினோ என்ற சிற்றூர். 1945 ஏப்ரல் 27-ல் முசோலினி ஜெர்மன் ராணுவ லாரியில், ஜெர்மன் கோட்டு போட்டுக்கொண்டு வடக்கே தப்பி ஓடும்போது ஏரியின் மேல்பகுதியில் தொங்கோ ஊரில் எதிர்ப்புப் படையினரிடம் பிடிபட்டான். மறுநாள் இந்த ஜியூலினோவில் ஒரு வீட்டு வாசல் கதவருகே கிளாரா பெத்தாச்சியோடு சுட்டுக் கொல்லப்பட்டான். இருபது வருஷத்துக்கு மேல் நாட்டை ஆட்டிப் படைத்தவனின் முடிவு இவ்வளவு அழகான இடத்திலா என்று தோன்றும். படகிலிருந்து பார்த்தால் ஆலிவ் மரங்களும் தேவாலயக் கோபுரமும்தான் தெரியும். யாரும் சுட்டிக்காட்டினால் ஒழியத் தெரியாது.

பெல்லாஜியோவைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். படிக்கட்டுச் சந்துகள், பட்டுத் துணிக் கடைகள், கூட்டம். கம்ப்யூட்டர் சயன்ஸ்காரனின் போட்டோவும் ஐஸ்கிரீமும் இங்கே. சாப்பாட்டுக்கு 'பொலெந்தா' கேளுங்கள். மக்காச்சோள மாவுக் களிதான், சைவர்களுக்குத் தோதானது. அசைவம் என்றால் 'மிஸ்ஸொல்தீனி', ஏரி மீனை உப்புப் போட்டு வெயிலில் காயவைத்தது. சுருக்கமாகச் சொன்னால் கருவாடு. இத்தாலிக்கு வந்து களியும் கருவாடுமா என்று மெக்கானிக்கல் நண்பன் கேட்டான்.

அங்கிருந்து கால் மணி நேரப் படகில் வரென்னா. இங்கே 'வில்லா மொனாஸ்தேரோ' என்ற மாளிகையில் 1953 முதல் இயற்பியல் கோடைப் பள்ளி நடக்கிறது. 1954-ல் என்ரிக்கோ பெர்மி வந்து வகுப்பு எடுத்தார். சில மாதங்களில் இறந்துவிட்டார், அதன் பிறகு பள்ளிக்கே அவர் பெயர். நம் சுப்ரமணியன் சந்திரசேகரோடு சேர்ந்து 1953-ல் விண்மீன் மண்டலக் காந்தப் புலம் பற்றிக் கட்டுரை எழுதிய அதே பெர்மி. சிவில் நண்பரின் மனைவி இயற்பியல் ஆசிரியை. "மத்தது எதை வேணும்னாலும் வெட்டுங்க அண்ணா, இதை வெட்டாதீங்க" என்று சொல்லிவிட்டார். வெட்டவில்லை.

கடைசியாக ரயில். ஒரு மணி நேரம் தூங்கிக்கொண்டு வருவதற்கு அல்ல. வரென்னா நிற்கும் இந்தப் பாதைதான் என்னைப் பொறுத்தவரை அன்றைய நாளின் உச்சம். லெக்கோவிலிருந்து ஏரிக்கரை ஓரமாக கோலிக்கோ, அங்கிருந்து ஒரு கிளை சொந்த்ரியோவுக்கு, ஒரு கிளை கியாவென்னாவுக்கு. மொத்தம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1902 செப்டம்பரில் இதில் மூன்று கட்ட மாறுதிசை மின்சாரத்தில், உயர் அழுத்தத்தில் ரயில் ஓட்டினார்கள். பிரதான ரயில் பாதை ஒன்றில் உலகிலேயே இதுதான் முதல். செய்தவர் புதபெஸ்ட் நகரத்து கான்ஸ் தொழிற்சாலையின் எஞ்சினியர் கால்மான் கந்தோ. அப்போது அவருக்கு வயது 33. என் வயதைவிடக் குறைவு என்பதை நினைத்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

3000 வோல்ட், 15 சைக்கிள். தலைக்கு மேல் இரண்டு கம்பி, மூன்றாவது கட்டத்துக்குத் தண்டவாளமே கம்பி. மின்சாரம் மொர்பெஞ்ஞோ அருகே அத்தா ஆற்று நீர்மின் நிலையத்திலிருந்து. எஞ்சினில் இன்டக்‌ஷன் மோட்டார். ஏன் 15 சைக்கிள்? 120-ஐ அதிர்வெண்ணால் பெருக்கி, துருவ எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். வைவாவில் கேட்ட அதே சூத்திரம். அதிர்வெண் குறைவாக இருந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், பல்சக்கரம் இல்லாமலே சக்கரத்தோடு இணைக்கலாம். இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பித் தரும். குறை என்ன? வேகம் ஓரிரு நிலையில்தான் நிற்கும், இடைப்பட்ட வேகம் கிடையாது. பாதை பிரியும் இடங்களில் இரண்டு கம்பியையும் ஒன்றோடொன்று முட்டாமல் கொண்டுபோவது பெரும்பாடு. இத்தாலி இந்த முறையை வடக்கில் பரவலாக்கி, பிறகு மெல்ல மெல்லக் கைவிட்டு 3000 வோல்ட் நேர்மின்சாரத்துக்கு மாறியது. கடைசி மூன்று கட்டப் பாதை 1976-ல் மூடப்பட்டது.

தோற்ற தொழில்நுட்பம் என்று கணக்கை மூடிவிடலாமா என்றால், இல்லை. பவர் எலெக்ட்ரானிக்ஸ் வந்தபின் அதிர்வெண்ணை ஓடும்போதே மாற்ற முடிந்தது. கந்தோவின் கையைக் கட்டிப்போட்ட ஒரே முடிச்சு அவிழ்ந்தது. இன்று நம் டபிள்யூ.ஏ.பி.-7 எஞ்சினிலும், சென்னை பெரம்பூரில் 2018-ல் முதன்முதலாக வெளிவந்த வந்தே பாரத் ரயிலிலும் ஓடுவது மூன்று கட்ட இன்டக்‌ஷன் மோட்டார்தான். இறக்கத்தில் மின்சாரத்தைத் திருப்பித் தருவதும் உண்டு. கந்தோ 1931-ல் இறந்தார். அவருக்கு வரென்னாவில் கோயில் இல்லை, நோட்டில் படமும் இல்லை. பயணிகள் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்க்கிறார்கள். நான் கம்பியைப் பார்ப்பேன்.

நடைமுறைக் குறிப்பு: தெற்கே திரும்பும்போது ஏரி வலது பக்கம், அந்தப் பக்கம் இடம் பிடியுங்கள். காகிதப் பயணச்சீட்டு என்றால் ஏறுமுன் நிலையத்து எந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை படகுகள் அதிகம், குளிர்காலத்தில் குறைவு. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வேறு நாள் எதுவாக இருந்தாலும் மேல், திங்கள் தவிர.

தீராத பிரச்சினை ஒன்று மிச்சம் இருக்கிறது. வரென்னாவுக்கும் லெக்கோவுக்கும் நடுவில் மன்டெல்லோ என்ற நிறுத்தம். மோட்டோ குஸ்ஸி பைக் 1921 முதல் அங்கேதான் செய்கிறார்கள். 1950-ல் பைக்கை முழு அளவில் வைத்துச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் கட்டினார்கள், 1955-ல் எட்டு சிலிண்டர் வைத்து 500 சி.சி. பந்தய பைக் செய்தார்கள். "எட்டு சிலிண்டர்டா! அதைப் பார்க்காம நான் ஊருக்குப் போகமாட்டேன்" என்று மெக்கானிக்கல் நண்பன் ஒற்றைக்காலில் நிற்கிறான். அங்கே அருங்காட்சியகம் எல்லா நாளும் எல்லா நேரமும் திறந்திருப்பதில்லை. அதற்காக இறங்கினால் அடுத்த ரயிலுக்கு ஒரு மணி நேரம் போகும், பெர்மியை வெட்ட வேண்டி வரும். இயற்பியல் ஆசிரியையும் அவனும் தனியே ஒரு குழு ஆரம்பித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். முடிவு தெரிந்ததும் டிக்கெட் போடுவேன்.